கச்சானும் வேர்ட்ஸ்டாரும்: ஒரு டாஸ் ஏக்கத்தின் மேல் சில கேள்விகள்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2014இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னது இணையத்தில் பல சுற்று வந்துவிட்டது. அவர் தன் நாவல்களை டாஸ் ஓடும் ஒரு பழைய கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0இல் எழுதுகிறார். அதில் இணைய இணைப்பு கிடையாது. சின்ன எழுத்து அடித்தால் சின்ன எழுத்தே வரணும், மென்பொருள் தானாகப் பெரிய எழுத்தாக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கனடாவின் அறிபுனை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் இன்னும் ஒரு படி மேலே போனார். வேர்ட்ஸ்டார் ஏன் எழுத்தாளர்களுக்கானது என்று பல வருடங்களுக்கு முன்பே நீண்ட கட்டுரை எழுதியவர், 2024இல் வேர்ட்ஸ்டார் 7ஐ அதன் கையேடுகளோடு தொகுத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டார்.

இவர்கள் சொல்வதில் பழமை மோகம் மட்டும் இல்லை, உருப்படியான வாதமும் இருக்கிறது. ஆனால் அதை ராமநாதபுரம் கடற்கரையில் வைத்துப் படித்தால் வேறு மாதிரி ஒலிக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவர்கள் பக்கம். 1978இல் ராப் பார்னபி எழுதிய நிரல் வேர்ட்ஸ்டார். அம்புக்குறி விசைகள் எல்லா விசைப்பலகையிலும் இல்லாத காலம் அது. கண்ட்ரோல் விசையோடு ஈ அடித்தால் மேலே, எக்ஸ் அடித்தால் கீழே, எஸ் இடது, டி வலது. நாலு விசையும் இடது கைக்கடியில் வைரம் மாதிரி நிற்கும், கை இடத்தை விட்டு நகர வேண்டாம். ஒரு பத்தியை நகர்த்தணும் என்றால் கண்ட்ரோல்-கே-பி என்று தொடக்கத்தைக் குறித்துவிட்டு, நீங்கள் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கலாம். பிறகு எப்போதோ வந்து கே-கே என்று முடிவைக் குறிக்கலாம். சாயரின் மையக் கருத்து இதிலிருந்து வருகிறது: மற்ற நிரல்கள் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை, வேர்ட்ஸ்டார் கையெழுத்துத் தாளைப் பார்த்துச் செய்யப்பட்டது. தாளில் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அப்புறம் வருவோமே, அது மாதிரி. நல்ல வாசிப்பு. ஒரு மென்பொருளை ஒரு கவிதையை வாசிக்கும் கவனத்தோடு வாசித்திருக்கிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் அமைப்புகள் பகுதி. நான்காம் பதிப்பிலிருந்து 'டபிள்யூ.எஸ்.சேஞ்ச்' என்று தனி நிரலே கூட வந்தது. திரை, பிரிண்டர், பக்க அளவு, எழுதும்போது பழைய எழுத்தைத் தள்ளணுமா அழிக்கணுமா, எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்யலாம். இன்னும் ஆழமாகப் போனால் நிரலுக்குள் இருக்கும் எண்களையே நேராக மாற்றலாம். உதவி நிலை என்று ஒன்று உண்டு. மூன்றில் வைத்தால் பாதித் திரைக்கு விசைப் பட்டியல் நிற்கும். கை பழகப் பழக இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வரலாம். பூஜ்யத்தில் பட்டியல் முழுக்கப் போய்விடும், திரையில் உங்கள் எழுத்து மட்டும். 'உனக்கு எவ்வளவு தெரியும்?' என்று கேட்டுவிட்டு, நீங்கள் சொன்ன பதிலை நம்பிய மென்பொருள் அது.

சரி, இப்போ தமிழுக்கு வருவோம்.

'என் எழுத்தில் கை வைக்காதே' என்று மார்ட்டின் சொல்ல முடிகிறது என்றால், அவருடைய எழுத்து அந்த இயந்திரத்துக்குள் பிறவியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஏழு பிட், அதாவது 128 இடம் போதும். எட்டாவது பிட் சும்மா கிடந்தது. ஆரம்பகால வேர்ட்ஸ்டார் வரியை இரு பக்கமும் சீராக்குவதற்காக, சொல்லின் கடைசி எழுத்தில் அந்த எட்டாவது பிட்டைத் தன் சொந்தக் குறிப்புக்கு எடுத்துக்கொண்டது. அந்தக் கோப்பை வேறு நிரலில் திறந்தால் சொல்லுக்குச் சொல் கடைசி எழுத்து கோணலாகத் தெரியும். அது வேண்டாம் என்றால் 'நான்-டாக்குமென்ட்' முறையில் திறக்கணும்.

இந்திய மொழிகளுக்குக் கிடைத்த இடமோ அதே எட்டாவது பிட்டுக்கு மேலே. ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியில் அப்படியே விட்டுவிட்டு, மேல்பாதியில் இந்திய எழுத்துகளை வைப்பது இஸ்கி தரத்தின் வழி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி புனே சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் கார்டை கணினிக்குள் செருகினால், டாஸ் நிரல்களில் அந்த எழுத்துகள் தெரியும். ஒரே பிட் வரி சீராக்கவும் தமிழ் காட்டவும் ஒருசேரப் பயன்படாது. ஆங்கில எழுத்தாளருக்கு அது ஒரு வசதி. தமிழ் எழுதுகிறவருக்கு அது 'க' தெரியுமா தெரியாதா என்கிற கேள்வி.

நம்மிடமும் டாஸ் காலத் தமிழ்ச் செயலிகள் இருந்தன. கனடாவில் கு. சீனிவாசன் செய்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் செய்த முரசு, இரண்டுமே 1980களின் பிள்ளைகள். தமிழ்ச் செயலியின் அமைப்புகளில் முதல் கேள்வி நிறமோ பக்க அளவோ அல்ல. எந்த விசைப்பலகை?

'கொண்டல்' என்று அடிக்கணும் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே இருந்து வரும் காற்று. தட்டச்சு இயந்திர வழியில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண் பார்க்கிற வரிசை. இன்ஸ்கிரிப்ட்டில் க, அப்புறம் ஒகரக் குறி. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99இல் க, பிறகு ஒ. காது கேட்கிற வரிசை. ஆதமி வழியில் ஆங்கில விசைகள் இரண்டு. ஒரே 'கொ', நாலு கை. முன்னே சொன்னவர் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் பண்ணியவர், கடைசியில் சொன்னவர் ஆங்கில விசைப்பலகையில் தமிழைத் தேடிக்கொண்ட புலம்பெயர்ந்தவர். இயல்பு நிலையில் எதை வைப்பது என்று முடிவு செய்தவர், யாருடைய கை முதலில் ஓடும் என்பதையும் முடிவு செய்தார். சாயரின் 'கையெழுத்துத் தாள்' உவமை இங்கே அப்படியே பொருந்தவில்லை. எந்தக் கை என்று அவர் கேட்க வேண்டி வரவே இல்லை.

ராமநாதபுரம் மாதிரி ஊரில் கணினித் தமிழை அதிகம் அடித்தவர்கள் எழுத்தாளர்கள் இல்லை. நீதிமன்றம், கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜாப் டைப்பிங் கடைக்காரர்கள். பத்திரம், விண்ணப்பம், மனு. வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல்-கே-ஆர் என்று ஒரு கட்டளை உண்டு, இன்னொரு கோப்பை அப்படியே நடுவில் கொண்டுவந்து போடும். மாதிரி மனு ஒன்றை வைத்துக்கொண்டு பேரையும் படகு எண்ணையும் மாற்றினால் போதும். இந்தத் தொழிலுக்காகவே செய்தது போன்ற வசதி.

இப்போது பாம்பனிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ ஒருவர் வந்து, "கச்சான் தூக்கிருச்சு சார், அதான் அந்தப் பக்கம் போயிட்டோம்" என்று சொல்வதாக நினைத்துப் பாருங்கள். மாதிரிக் கோப்பில் 'பலத்த காற்றின் காரணமாக' என்று ஏற்கெனவே இருக்கும். அதுவே அச்சாகும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கச்சான் என்றால் மேற்கே இருந்து வரும் காற்று. ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே இலங்கை. கச்சான் அடித்தால் படகு எந்தப் பக்கம் இழுபடும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. 'பலத்த காற்று' என்பதில் திசையே இல்லை. நடை திருத்துகிறோம் என்று சாட்சியைத் தூக்கிப் போட்டுவிட்டோம். வட்டார வழக்கு என்றால் 'மண் வாசனை' என்று சிலாகிக்கிற நம் விமர்சனம், அதைத் தகவல் என்று பார்ப்பது குறைவு.

இதே கரையில் இதற்கு நேர் எதிரான ஒரு முன்னுதாரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபுத்தமிழில் நிறைய எழுதினார். அரபுத்தமிழ் என்றால் தமிழை அரபி எழுத்தில் எழுதுவது. அரபியில் ப இல்லை, ட இல்லை. இல்லாத ஒலியை விட்டுவிடவில்லை, பக்கத்து ஒலியாக 'திருத்தவும்' இல்லை. இருக்கும் எழுத்துகளில் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்துகள் உண்டாக்கிக்கொண்டார்கள். வீட்டில் பேசுகிற சொல்லுக்காக எழுத்து முறையையே மாற்றி அமைத்திருக்கிறார்கள். டபிள்யூ.எஸ்.சேஞ்சின் ஆழத்தில் போய் எண்களை மாற்றுவதற்கு இது ஒன்றும் குறைந்த வேலை இல்லை. நிரலாளர் யாரும் தேவைப்படவில்லை, ஒரு சமூகம் ஒத்துக்கொண்டால் போதுமாக இருந்தது.

அந்த ஒத்துக்கொள்ளல்தான் டாஸ் காலத் தமிழில் சிக்கலானது. ஒவ்வொரு செயலியும் எழுத்துக்குத் தன் எண்ணைக் கொடுத்தது. 1999இல் டாம், டாப் என்று அரசு தரப்படுத்தியபோதே, இணையத்தில் திஸ்கியும் நடமாடியது. ஒன்றில் எழுதிய கதை இன்னொன்றில் திறந்தால் குப்பை மாதிரி குறிகள். யூனிகோட் பரவிய பிறகு இது ஓய்ந்தது. ஆனால் அதற்கு முன் அடிக்கப்பட்டு ஃபிளாப்பியில் கிடக்கும் எழுத்து, எந்தச் செயலி, எந்த அமைப்பு என்று தெரியாவிட்டால் வாசிக்கக் கிடைக்காது. ஓலைச்சுவடிக்குப் பதிப்பாசிரியர் எந்தக் கால எழுத்து என்று பார்ப்பது போல, இந்தக் கோப்புகளுக்கு எந்தக் குறியேற்றம் என்று பார்க்கிற ஆட்கள் தேவை. கணினியில் எழுதிய முதல் தலைமுறையின் கைப்பிரதிகள் இவை.

மார்ட்டினின் ஏக்கம் நமக்கு உதவாது என்று நான் சொல்லவில்லை. அவருடைய கேள்வி சரி: என் சொல்லை மாற்றும் அதிகாரம் யாருக்கு? ஆனால் பதிலுக்காக நாம் டாஸுக்குத் திரும்ப முடியாது, அங்கே நமக்கு வீடே இல்லை. தமிழில் சொல்லைக் காப்பாற்றணும் என்றால் யாராவது அமைப்புகளுக்குள் போய் வேலை செய்தே ஆகணும்.

இன்றைக்கு அந்த வேலை உங்கள் ஃபோனில் இருக்கிறது. அச்சில் அதிகம் புழங்கிய சொல்லைத்தான் விசைப்பலகை முந்திக்கொண்டு நீட்டும். கச்சான் அச்சில் அரிது, அதனால் பரிந்துரையில் பின்னால் நிற்கும். பின்னால் நின்றால் இன்னும் அரிதாகும். விசைப்பலகை அமைப்புகளில் சொந்த அகராதி என்று ஒன்று இருக்கும், பெரும்பாலோர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். திறந்து வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு காற்றையும் போட்டு வையுங்கள். உங்கள் ஊருக்கு வேறு சொற்கள் இருக்கும், அவற்றையும். அடுத்த முறை ஒரு நாவலில் 'பலத்த காற்று' வீசினால், அது எந்தத் திசையிலிருந்து என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.