எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு தொடங்கும் படங்கள்

போலீஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டால் அந்த வழக்கு மற்றக் கொலை வழக்குகளைப் போல நகராது. விசாரிப்பவர்கள் இறந்தவரோடு பணியாற்றியவர்கள். ஊர் கொதித்துக்கொண்டிருக்கும், மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும். யாரையாவது பிடித்தாக வேண்டும். பிடிபட்டவன்தான் சுட்டவனா என்று நின்று கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. அந்தப் பொறுமையைக் கடைசி வரை விடாத படம் எரால் மோரிஸின் ‘தி தின் புளூ லைன்’. 1988இல் வந்தது. உண்மைக் குற்றத்தைப் படமாக்குவது பற்றி யார் பேசினாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1976 நவம்பர் 28, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் முன்விளக்குப் போடாமல் வந்த ஒரு காரை ராபர்ட் வுட் என்ற காவலர் நிறுத்தினார். கார்க்காரனிடம் நெருங்கியதும் சுடப்பட்டு விழுந்தார். கூட இருந்த பெண் காவலர் அந்தக் காரை ‘வேகா’ வகை என்று சொன்னார். போலீஸும் வாரக்கணக்கில் வேகா கார்களைத் தேடியது. உண்மையில் அது திருட்டுப்போன ஒரு மெர்க்குரி காமெட். திருடியவன் டேவிட் ஹாரிஸ், வயது பதினாறு. போலீஸ்காரனைச் சுட்டது நான்தான் என்று சொந்த ஊரில் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டவனும் அவன்தான். பிடிபட்டதும் கதை மாறியது. அன்று வழியில் தன் காரில் ஏற்றிக்கொண்ட ராண்டல் ஆடம்ஸ் என்பவர்தான் சுட்டார் என்றான். ஆடம்ஸ் பிழைப்புத் தேடி டல்லாஸுக்கு வந்து அதிக நாள் ஆகாதவர், முன்குற்றம் எதுவும் இல்லாதவர். ஹாரிஸுக்கு வயது குறைவு என்பதால் டெக்சாஸ் சட்டப்படி மரண தண்டனை கேட்க முடியாது, ஆடம்ஸுக்குக் கேட்கலாம். 1977இல் ஆடம்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை நிறைவேற மூன்று நாளே இருந்தபோது உச்ச நீதிமன்றத் தடை வந்தது. பிறகு அது ஆயுள் தண்டனையானது.

மோரிஸ் இந்த வழக்கைத் தேடிப் போனவர் அல்ல. இன்னவன் வெளியே வந்தால் மறுபடியும் கொல்வான் என்று வழக்கு வழக்காகச் சாட்சி சொல்லிவந்த கிரிக்சன் என்ற மனநல மருத்துவரைப் பற்றிப் படமெடுக்கத்தான் டெக்சாஸ் போனார். அந்தச் சாட்சியத்தால் தண்டனை பெற்றவர்களைப் பார்த்துப் பேசியபோது ஆடம்ஸைச் சந்தித்தார். கொஞ்சகாலம் தனியார் துப்பறிவாளராகவும் வேலை பார்த்தவர் மோரிஸ். ஆவணங்களைப் படித்துப் படித்துச் சந்தேகப்படும் அந்தப் பழக்கம் படம் முழுக்கத் தெரிகிறது.

படத்தில் பின்னணிக் குரல் கிடையாது. பேசுகிறவர் யாரென்று பெயர்கூடப் போடுவதில்லை. ஆடம்ஸ் வெள்ளை உடையில் பேசுகிறார்; ஹாரிஸ் ஆரஞ்சு நிற உடையில், சிரித்த முகமாக, நட்போடு பேசுகிறான். வெகுநேரம் கழித்து அவன் தலையைச் சொறியக் கையைத் தூக்குகிறான். அப்போதுதான் கைவிலங்கு தெரிகிறது. அந்த ஒரு அசைவில், அதுவரை அவன் சொன்ன அத்தனையையும் நாம் திரும்ப நினைத்துப் பார்க்கிறோம்.

கொலைக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சாட்சியும் பேசும்போது அவர் சொன்னபடி ஒரு காட்சி. ஒன்றில் பெண் காவலர் காரை விட்டு இறங்கி நிற்கிறார். இன்னொன்றில் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் குடித்துக்கொண்டிருந்த மில்க் ஷேக் குவளை காற்றில் சுழன்று போய்த் தரையில் விழுந்து சிதறுவதை மிக மெதுவாகக் காட்டுகிறார் மோரிஸ். குவளை விழுந்த இடம் சரியென்றால் அவர் நின்றதாகச் சொன்ன இடம் சரியாக இருக்குமா என்ற கேள்வி பார்ப்பவருக்குத் தானாக எழுகிறது. இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்லும் காட்சி ஒன்றுகூட இல்லை. பிலிப் கிளாஸின் இசை சுற்றிச் சுற்றி வந்து அந்தத் தவிப்பை வளர்க்கிறது. கடைசிப் பேட்டியன்று கேமரா பழுதாகிவிட, கையிலிருந்த டேப் ரெக்கார்டரில்தான் பதிவு நடந்தது. ஆகவே திரையில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் மட்டும். அதிலிருந்து ஹாரிஸின் குரல், ஆடம்ஸ் குற்றமற்றவர் என்று தனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லியும் சொல்லாமலும் சொல்கிறது.

1989 மார்ச்சில் தீர்ப்பு ரத்தாகி ஆடம்ஸ் வெளியே வந்தார். நஷ்டஈடாக ஒரு காசு கிடைக்கவில்லை. தன் கதையின் உரிமைக்காக மோரிஸ் மீதே வழக்குப் போட்டு, பிறகு சமரசம் ஆனார். வேறொரு கொலைக்காக ஹாரிஸுக்கு 2004இல் மரண தண்டனை நிறைவேறியது. ஒருவருடைய உயிரை மீட்ட படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரைகூட வரவில்லை. நடித்துக் காட்டிய காட்சிகள் இருந்ததால் ஆவணப்படமாகவே பலர் அதை ஏற்கவில்லை. இன்று உலகெங்கும் குற்ற ஆவணப்படங்கள் அதே உத்தியைத்தான் கையாள்கின்றன. ஆனால் பெரும்பாலானவை ஒரே ஒரு கதையைத்தான் நடித்துக் காட்டுகின்றன, மோரிஸ் காட்டிய சந்தேகம் இல்லாமல்.

‘தி தின் புளூ லைன்’ படத்துக்கு ஒன்பது ஆண்டு முன்பு வந்த ‘தி ஆனியன் ஃபீல்ட்’ வேறு வகை. 1963இல் இரண்டு காவலர்களைக் கடத்தி வெங்காய வயலுக்குக் கொண்டுபோய் ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கு அது. கடத்தியவர்கள் யார் என்பதில் குழப்பமே இல்லை. தப்பி ஓடி உயிர் பிழைத்த காவலர் கார்ல் ஹெட்டிங்கரைத் துறையே கோழையாகப் பார்த்தது. எங்கே தவறினேன் என்று சக காவலர்கள் முன்பு அவரையே சொல்ல வைத்தது. அவர் உடைந்து போவதுதான் படம். இதை எழுதிய ஜோசப் வாம்பா போலீஸ் வேலையில் இருந்தவர். உள்ளே இருந்தவர் எழுதினால்தான் இந்த வலி வெளியே வரும்.

நம் ஊருக்கு வருவோம். 2017 நவம்பரில் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ வந்தது. பவாரியா கொள்ளையர்களைத் தேடித் தமிழ்நாட்டுப் போலீஸ் வட இந்தியா முழுக்க அலைந்த உண்மைக் கதையை எச். வினோத் நல்ல உழைப்போடு எடுத்திருந்தார். கைரேகையை வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலையும் சலிப்பைத் தமிழில் வேறு யாரும் இவ்வளவு நன்றாகக் காட்டியதில்லை. ஆனால் ஒரு சமூகத்தையே திரையில் வேட்டைக்கூட்டம் போலக் காட்டியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படம் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகாத டிசம்பர் 13 அன்று, கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைத் தேடிப் போன மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர் சுட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் செய்தி. தமிழ்நாடே அழுதது; தீரன் படத்தோடு சேர்த்துப் பேசியது. சில நாளில் ராஜஸ்தான் போலீஸ் வேறு சொன்னது: குண்டு உடன் சென்ற சக அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்தது.

பெரியபாண்டியனின் தியாகம் இதனால் கடுகளவும் குறையவில்லை. அந்நிய ஊரில், மொழி தெரியாத இடத்தில், ஒரு சின்னக் குழுவாகப் போய்க் கொள்ளையரின் இருப்பிடத்தில் நுழைந்தவர் அவர். ஆனால் முதல் செய்திக்கும் இரண்டாம் செய்திக்கும் இடையில் இருக்கும் அந்தச் சில நாள்தான் ஒரு மோரிஸுக்குரிய இடம். உள்ளூர்ப் போலீஸின் துணை எவ்வளவு இருந்தது, எந்த ஏற்பாட்டோடு அனுப்பப்பட்டார்கள், முதல் கதை எப்படி உருவானது என்று கேட்கும் படம் நமக்கு இன்னும் வரவில்லை.

கற்பனையில் அந்தக் கேள்வியைக் கேட்ட படம் வெற்றிமாறனின் ‘விசாரணை’. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983இல் குண்டூரில் தான் பட்ட சித்திரவதையை எழுதிய ‘லாக்கப்’ நாவல்தான் முதல் பாதி. இரண்டாம் பாதியில் சமுத்திரக்கனி நடித்த இன்ஸ்பெக்டர் முத்துவேலைச் சக போலீஸாரே சுட்டுக் கொல்கிறார்கள். சாட்சியாக நின்ற அப்பாவிகளும் சாகிறார்கள். மறுநாள் வெளியுலகுக்குப் போகப்போகும் கதை என்னவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கே தெரிந்துவிடுகிறது. சதுப்பு நிலத்து இருட்டில் நடக்கும் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வைத்தே அதைத் தமிழின் முதல்வரிசைக் குற்றப்படம் என்பேன்.

வீரப்பன் பற்றிய படங்களில் பெரும்பாலானவை துப்பாக்கிச் சத்தம்தான். 2023இல் வந்த ‘கூச முனிசாமி வீரப்பன்’ தொடர் விதிவிலக்கு. நக்கீரன் எடுத்த பழைய வீடியோவில் வீரப்பனே பேசுகிறார், தான் செய்த கொலைகள் உட்பட. அதிரடிப்படையின் முகாம்களில் சிதைக்கப்பட்ட கிராமத்தவரும் பேசுகிறார்கள். கொல்லப்பட்ட காவலர்களின் வீடுகளுக்கும் இதே பொறுமையோடு யாராவது போக வேண்டும்.

காவிரி டெல்டாக்காரனான என்னால் இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட முடியாத படம் ஒன்று உண்டு. நீடாமங்கலத்தில் ரயிலேறித் திருவாரூர் தாண்டினால் கீழ்வேளூர். அந்தப் பக்கத்துக் கிராமம்தான் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தவர் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் பத்தாண்டு விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது: இவ்வளவு நிலபுலம் உள்ள பணக்காரர்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், வேலையாட்கள் துணையில்லாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது. பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ (2005) பிழைத்தவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டது. ‘குருதிப்புனல்’ நாவலைத் தழுவிய ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983) முதற்கொண்டு வெண்மணியைத் தொட்ட கதைப்படங்கள் பல உண்டு. ஆனால் தீர்ப்பு நம்ப மறுத்த வாய்களை நேராகக் கேமரா முன் கொண்டுவந்தது இந்த ஆவணப்படம்தான். படத்தின் ஒலி, ஒளியில் குறைகள் உண்டு. எங்கள் மண்ணின் ‘தின் புளூ லைன்’ என்று அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நீடாமங்கலத்துக்கே அப்படி ஒரு வழக்கு இருக்கிறது. 1937 டிசம்பரில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டுப் பொதுவிருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களை அடித்து மொட்டையடித்தார்கள். ‘விடுதலை’ இதழ் அதை வெளியிட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுப்பு வந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆ. திருநீலகண்டன் ஆவணங்களைத் திரட்டி இதை நூலாகவே எழுதிவிட்டார். குற்றச்சாட்டு, மறுப்பு, வழக்கு என்று ஒரு படத்துக்கு வேண்டியது அனைத்தும் அதில் இருக்கிறது. கேமராவோடு திரியும் டெல்டா இளைஞர்கள் யாராவது அந்த நூலை எடுத்துப் படியுங்கள், படமாக்குங்கள்.