மறைவதற்கென்று தீட்டிய வண்ணம்

நவராத்திரி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் கொலுப் பொம்மைகள் வந்து இறங்குவதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். தசாவதாரத்துக்கும் செட்டியார் கடைக்கும் நடுவே பேண்டு வாத்தியக்காரர் வரிசையொன்று பெரும்பாலும் இருக்கும். சிவப்புச் சட்டை, மஞ்சள் பொத்தான், கறுப்புக் கால்சட்டை. பத்தடித் தொலைவிலும் அது கண்ணைப் பறிக்கும். பண்ணுருட்டியில் அதைத் தீட்டியவர் எந்தப் படைப்பிரிவின் சட்டை இது என்று ஆராய்ந்திருக்க மாட்டார். கண்ணனுக்கு நீலம் எப்படியோ அப்படியே வீரனுக்குச் சிவப்பு என்பது அவர் கைக்கொண்ட மரபு. எனினும் அம்மரபும் வெறுங்கற்பனையன்று. கும்பினியாரின் சென்னைப் படையில் சேர்ந்த சிப்பாய்கள் உடுத்தது செஞ்சட்டையே. பார்க்கப்பட வேண்டும் என்பதே அக்காலப் படையுடையின் நோக்கம்.

தொலைவிலிருந்து குறிதவறாது சுடும் துப்பாக்கி வந்தபின் அந்நோக்கம் தலைகீழாயிற்று. 1848-இல் பஞ்சாபில் ஒரு படைப்பிரிவு மண்ணின் நிறத்தை உடுத்தத் தொடங்கியது. ‘காக்கி’ என்னும் சொல்லே புழுதியைக் குறிப்பதுதான். 1915-இல் பிரெஞ்சு இராணுவம் ஓவியர்களைக் கொண்டே உருமறைப்புப் பிரிவொன்றை அமைத்தது. பொருளைக் கண்முன் நிறுத்தப் பயின்ற தூரிகையைப் பொருளை ஒளிப்பதற்குக் கேட்டு வாங்கினர் என்பது கலை வரலாற்றில் சிந்திக்கத்தக்க ஒரு திருப்பமாகும்.

இத்துணை முன்னுரையும் எதற்கென்று கேட்கலாம். நம் இளைஞர் சிலர் இன்று கோலாலம்பூர்க் கடைகளில் வாங்கிவந்து, பாகங்களை ஒட்டி, வண்ணந்தீட்டி, கண்ணாடிப் பேழையில் வைக்கும் ஜெர்மானியப் போர்வீரர் சிற்றுருவங்களைப் பற்றி எழுதவே இது. ‘விளையாட்டுச் சாமானுக்குத் திறனாய்வா?’ என்று தமிழாசிரியர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. மண்பொம்மைக்கு நாம் தரும் மதிப்பைப் பிளாஸ்டிக் பொம்மைக்கு மறுப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. ஜப்பானின் சிசுவோக்கா நகரத்துத் தாமியா நிறுவனம் 1968-இல் ஜெர்மானிய டாங்கி வீரர் தொகுதியை வெளியிட்டது முதல், முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவே இக்கலையில் பெருவழக்காயிற்று. ஓர் ஆள் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருப்பான். சட்டைப் பொத்தான் கடுகினும் சிறிது.

இக்கலைஞர்களின் உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர்கள் செய்வது ஒருவகைப் பதிப்புப்பணி. ஜெர்மானியப் படையின் சாம்பற்பச்சை ஒரே நிறமன்று. போர்க்கு முந்திய சட்டையில் கழுத்துப்பட்டை கரும்பச்சை. 1940-இல் அது சட்டையின் நிறத்தையே பெற்றது. போர் நீள நீளக் கம்பளி குறைந்து செயற்கை இழை கூடி, துணியும் பழுப்பேறியது. 1944-இல் வந்த சட்டை நீளமும் குறைந்தது, பச்சையும் குறைந்தது. ஆகவே ஆண்டு தெரியாமல் அவ்வுடைக்கு நிறம் குழைக்க முடியாது. நிழற்படம், எஞ்சிய உடைகள், இராணுவக் கட்டளைகள் ஆகியவற்றை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் இம்முயற்சியைப் பார்க்கும்போது, 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்ட பொறுமை நினைவுக்கு வருகிறது. ஒப்புமை மிகையெனச் சிலர் கருதலாம். முறை ஒன்றே என்பதே என் கருத்து. பொருளின் பெருமை சிறுமை வேறு வழக்கு.

ஆயினும் ஏடு பார்த்தவரெல்லாம் கவி உணர்ந்தவராகார். அண்மையில் கிள்ளானில், முன்னாள் மாணவர் ஒருவர் இல்லத்தில் அவர் தீட்டிய உருவங்களைக் கண்டேன். முதலாவது, 1944-இல் வாஃபன் எஸ்.எஸ். படைக்கென வந்த ‘பட்டாணி’ உடையணிந்த காலாள். பல நிறச் சிறு புள்ளிகள் உடையெங்கும் இறைந்து கிடக்கும் கோலம் அது. ஒவ்வொரு புள்ளியையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணைகொண்டு தனித்தனியே தெளிவாக இட்டிருந்தார். மூன்று மாத உழைப்பு. பார்த்தவர் அனைவரும் வியந்தனர். என் கண்ணோ சட்டையிலேயே நின்றுவிட்டது, ஆளிடம் செல்லவில்லை.

காரணம் எளிது. சிற்றுருவத்தை ஓரடித் தொலைவில், அதாவது முப்பது சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கிறோம். முப்பத்தைந்தால் பெருக்கினால் பத்தரை மீட்டர். பள்ளித் திடலின் ஓரத்தில் நிற்கும் ஆளைப் பார்ப்பதற்கு ஒப்பு. அத்தொலைவில் புள்ளியோடு புள்ளி கலந்து நிறங்கள் மங்கும். மங்கவேண்டும் என்றுதான் அவ்வுடையை அமைத்தனர். 1931-இல் வந்த ‘சிம்பு’ உடையிலும் இதே நிலை. கோணல்மாணலான பச்சை, பழுப்புத் துண்டுகளின்மேல் மழைத்தாரை போன்ற மெல்லிய கோடுகள் ஓடும். அக்கோட்டை இரண்டு மில்லிமீட்டர் அகலமென்று கொண்டாலும், இவ்வளவில் அது தலைமயிரின் கனமே ஆகும். அதைத் தூரிகையால் இடும்போது மூன்று மடங்கு தடித்துவிடுகிறது. ஆக, விடாமல் அனைத்தையும் தீட்டுபவர் உண்மையை நெருங்குவதாக எண்ணி அதனின்று விலகுகிறார். மறைவதற்கென்று பிறந்த வண்ணத்தை மேடையேற்றிவிடுகிறார். பேண்டு வாத்தியக்காரரின் செஞ்சட்டைக்கே திரும்பிவிடுகிறார், தாம் அறியாமலே.

‘ஆராய்ந்து கண்ட கோலத்தைக் காட்டாமல் மங்கலாக விடுவது சோம்பல் அல்லவா?’ என்பது இவர்தம் எதிர்வாதம். வலுவான வாதமே. சோம்பலை மங்கல் என்று விற்போரும் உண்டு. ஆனால் தேர்ந்த கலைஞர் கோலத்தை இட்டபின், நீர்த்த பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட்டு மடிப்புகளில் தேங்கச் செய்து, பின் ஈரந்துடைத்த தூரிகையால் முழங்கை, தோள், முழங்கால் மேடுகளை மட்டும் தடவி ஒளியேற்றுவர். அப்போது கோலம் அடங்கும், உடம்பு எழும், முகமும் கைகளும் பேசும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பந்துக்கு நிழலிடக் கற்றபோது நாம் பயின்ற பாடமே இது. கோடு முடிந்த இடத்தில்தான் உருவம் தொடங்குகிறது.

உடையில் தங்கிவிடும் கண்ணுக்கு இன்னொரு குறையும் நேர்கிறது. இப்புள்ளிச் சட்டை அழகியது என்பதில் ஐயமில்லை. அதை உடுத்த படையின் ஒரு பிரிவுதான் 1944 ஜூன் 10-இல் பிரான்சின் ஒராதூர் சிற்றூரில் பெண்டிர், பிள்ளைகள் உட்பட அறுநூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பொத்தானின் எண்ணிக்கை அறிந்தவர் இதையும் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்த தூரிகை அம்முகத்துக்கு வீரப்புன்னகை தீட்டாது. (நம் கோவில் வாயிலில் காணும் சுவஸ்திகம் அங்கே எவ்வாறு போயிற்று என்று மாணவர் கேட்பர். ஜெர்மனியில் பெட்டியின்மேல் அதை அச்சிடாமல் தவிர்க்கின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.)

இனி அவருடைய இரண்டாம் உருவத்துக்கு வருகிறேன். என்னை நெடுநேரம் நிறுத்தியது அதுவே. சாம்பற்பச்சைச் சட்டை, வலக்கையில் காவி, வெண்மை, பச்சை வரிகள் கொண்ட கேடயச் சின்னம், அதன்மேல் பாயும் புலி, மேலே ‘சுதந்திர இந்தியா’ என்று ஜெர்மன் மொழியில் எழுத்து. வடஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்து சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் திரட்டிய படையின் வீரன் இவன். அப்படை 1943-இல் நெதர்லாந்துக்கும் பிறகு பிரான்சின் அட்லாண்டிக் கரைக்கும் அனுப்பப்பட்டது. 1944 ஆகஸ்டில் வாஃபன் எஸ்.எஸ். நிருவாகத்தின்கீழ்ச் சென்றது. விடுதலை வேட்கையும் அதற்குத் தேர்ந்த துணையின் கொடுமையும் ஒரே சட்டையில் தைக்கப்பட்ட கதை அது.

இவ்வுருவத்தில் உருமறைப்பு இல்லை. ஆகவே தூரிகைக்கு ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. முதற்சிக்கல் முகத்திலேயே எழுந்தது. கடையில் ‘சதை நிறம்’ என்று பெயரிட்டு விற்கும் புட்டியைத் திறந்தால் உள்ளே இளஞ்சிவப்பு! மனிதன் என்றால் இன்ன நிறத்தான் என்று புட்டி முன்னரே முடிவு செய்துவிட்டது. தரப்பட்ட நிறத்தையே பூசிச் சீக்கிய வீரனை ஐரோப்பியனாக்கிவிட்ட உருவங்களையும் நான் பார்த்ததுண்டு. இவர் அப்படிச் செய்யவில்லை. செம்பழுப்பில் சிறிது மஞ்சள் கலந்து, கன்ன எலும்பில் ஒளியும் கண்குழியில் கருஞ்சிவப்பும் வைத்து, தலைப்பாகைக்கும் தாடிக்கும் இடையே ஒரு களைத்த முகத்தைக் கொண்டுவந்திருந்தார். சின்னத்தில் புலி வெறும் மூன்று தொடுகைதான், வரிகளில்லை, நகமில்லை. இருந்தும் ஓரடித் தொலைவில் அது புலிதான். பட்டாணிச் சட்டையில் அவர் மறந்த இலக்கணம் இங்கே கைவந்திருக்கிறது. பெரும்பரிசுக்கு முதல் உருவத்தையே அனுப்பப்போவதாகச் சொன்னார். இரண்டாவதை அனுப்புமாறு வற்புறுத்தியிருக்கிறேன்.

அடுத்து, 1943-இல் நம் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணும் சேர்ந்த இந்திய தேசிய இராணுவத்தைத் தீட்ட எண்ணியுள்ளார். அதற்குக் கடையில் காக்கிப் புட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஒரு புட்டி போதாது. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற துணி ஒரு நிறம். அதுவே மலாயா வெயிலிலும் மழையிலும் ஓராண்டு துவைத்தெடுத்தபின் வேறு நிறம். தோளில் துப்பாக்கி வார் படிந்திருந்த இடம் மட்டும் இன்னும் பழைய நிறம்.