கொட்டாவிக்கு அடுத்த நொடி

'பர்னிங்' என்ற கொரியப் படத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பென்னின் கொட்டாவியில்தான் வந்து நிற்கிறது. ஆப்பிரிக்காவில் கண்டுவந்த பெரும்பசி நடனத்தை ஹேமி ஆடிக் காட்டுகிறாள். பென்னின் பணக்கார நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பென் கொட்டாவி விடுகிறான். அதை, ஹேமியை நேசிக்கும் ஜோங்சு பார்த்துவிடுகிறான். படத்தை அந்த இடத்தில் நிறுத்திவைத்து, "இவன்தான் கொலைகாரன், இதைவிட என்ன சாட்சி வேண்டும்" என்கிறது ஒரு கூட்டம். "சலிப்பு வந்தால் அது குற்றமா" என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டுமே தவறான நொடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றன. பார்க்க வேண்டியது கொட்டாவிக்கு அடுத்த நொடியை.

தன்னை ஒருவன் கவனித்துவிட்டான் என்று பென்னுக்குத் தெரிகிறது. உடனே அவன் சிரிக்கிறான். அந்த ஒரு சிரிப்புக்காகவே, பென்னாக வந்தவரின் நடிப்பை, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கொரியத் திரில்லர்களில் வந்தவற்றில் முதலிடத்தில் வைப்பேன். இந்த இடத்தில் ஒரு நடிகருக்கு மூன்று வழிகள் கைவசம் இருக்கும். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம். அது பிடிபட்டவனின் வழி. கண்ணில் ஒரு கூர்மையை வரவழைக்கலாம். அது வில்லனின் வழி. சிரிப்பை அரை நொடி கூடுதலாக உதட்டில் நிறுத்திவைக்கலாம். 'ஏதோ இருக்கிறது' என்று பார்வையாளருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வழி. பரிசு வாங்கும் நடிகர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் விழுவார்கள். இவர் எதிலும் விழவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் கண்ணைச் சந்தித்தால் ஒரு சிரிப்பு வருமே, அந்த அளவுக்குத்தான் சிரிக்கிறார். வெட்கம் இல்லை, மிரட்டல் இல்லை, மன்னிப்பும் இல்லை.

படத்தின் பிற்பகுதியில், ஹேமி காணாமல் போன பிறகு, அதே கூட்டத்தில் அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து கதை சொல்லும்போது, பென்னுக்கு மறுபடியும் கொட்டாவி வருகிறது. மறுபடியும் ஜோங்சு பார்க்கிறான். மறுபடியும் அந்தச் சிரிப்பு. இடையில் நமக்கு எவ்வளவோ தெரிந்துவிட்டது: இழுப்பறையில் கிடந்த பெண்களின் சிறுபொருள்கள், இளஞ்சிவப்புக் கைக்கடிகாரம், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வந்த பூனை. பார்க்கும் நாம் மாறிவிட்டோம். அவர் துளியும் மாறவில்லை. இரண்டாவது சிரிப்பில் ஒரு சொட்டு நஞ்சு சேர்த்திருந்தாலும் படம் அங்கேயே செத்திருக்கும்.

இவரைப் பாராட்டுகிறவர்கள்கூட, "நல்லவனா கெட்டவனா என்ற குழப்பத்தை அருமையாக நடித்தார்" என்கிறார்கள். இந்தப் பாராட்டைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குழப்பத்தை யாராலும் நடிக்க முடியாது. நடிக்க முயன்றால் முகம் இரண்டுங்கெட்டானாகிவிடும். ஒரு ஷாட்டில் அப்பாவி, அடுத்த ஷாட்டில் அரக்கன் என்று மாறிமாறி வரும். பென் ஒருபோதும் அப்படி மாறுவதில்லை. பேட்டிகளில் திரும்பத் திரும்பக் கேட்டபோது இந்த நடிகர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: பென் யார், என்ன செய்தான் என்பது எனக்குத் தெரியும், வெளியே சொல்லப்போவதில்லை. பலர் அதை விளம்பர உத்தி என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது தொழில் ரகசியத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டதாகவே படுகிறது. முடிவெடுத்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனவர் அவர். அந்த முடிவை ஒவ்வொரு காட்சியிலும் முழுதாக நடித்தார். நமக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிட்டார்.

அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வந்தது? எழுத்திலிருந்தும் கேமராவிலிருந்தும். லீ சாங்-டாங் நாவலாசிரியராக இருந்து இயக்குநரானவர். ஹருகி முரகாமி 1983-இல் எழுதிய ஒரு சிறுகதையை எடுத்து 148 நிமிடப் படமாக்கியபோது, ஏறக்குறைய எல்லாவற்றையும் ஜோங்சுவின் கண் வழியாகவே காட்டினார். அந்தக் கண்ணில் பொறாமை இருக்கிறது, வறுமை இருக்கிறது, எழுத முடியாத எழுத்தாளனின் தவிப்பு இருக்கிறது. வட கொரியாவின் ஒலிபெருக்கி காதில் விழும் பாஜு கிராமத்தில் மாட்டுக்குத் தீவனம் போடுகிறவன், கங்னம் பக்கத்து அடுக்ககத்தில் போர்ஷே கார் வைத்திருப்பவனைப் பார்க்கிறான். அப்படிப் பார்க்கும் கண்ணுக்கு எந்தச் சிரிப்பும் குற்றமாகத்தான் தெரியும். தடயங்களைக்கூட இயக்குநர் உறுதியாக விடுவதில்லை. அதே மாதிரிக் கடிகாரம் ஹேமியோடு வேலை பார்த்த பெண்ணின் கையிலும் இருப்பதைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். சந்தேகத்தைச் சுமக்கும் வேலையை எழுத்து எடுத்துக்கொண்டதால், நடிகர் உறுதியாக இருக்க முடிந்தது.

பாஜுவில் அந்தி சாயும் நேரத்துக் காட்சியை இந்தக் கணக்கோடு மறுபடி பாருங்கள். ஹேமியின் நடனத்தையும், மங்கிக்கொண்டே போகும் வானத்தையும், மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட்டையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவள் உள்ளே போய்ப் படுத்த பிறகு பென், தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவரின் பசுமைக் குடிலைக் கொளுத்துவதாகச் சொல்கிறான். எழுத்தில் இது வாக்குமூலம். ஆனால் அவர் அதை வாக்குமூலமாகச் சொல்வதில்லை. குரலைத் தாழ்த்துவதில்லை, ஜோங்சுவின் முகத்தில் அதிர்ச்சியைத் தேடுவதில்லை. தனக்குப் பிடித்த ஒன்றை, அது புரியக்கூடிய ஒருவனிடம் பகிர்ந்துகொள்கிற அக்கறையோடு சொல்கிறார். அடுத்தது மிக அருகிலேயே இருக்கும் என்பதையும் அதே சுருதியில் சொல்கிறார். ஹேமியைத் தான் நேசிப்பதாக ஜோங்சு சொல்லும்போது பென்னிடமிருந்து வரும் சின்னச் சிரிப்பைப் பலர் ஏளனம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஏளனம் கேட்கவில்லை. அழுததாகவே தனக்கு நினைவில்லை என்று முன்பே சொன்னவன் அவன். தனக்கு வராத ஓர் உணர்ச்சியை எதிரே இருப்பவன் இவ்வளவு எளிதாக எடுத்து வைக்கிறானே என்ற வியப்பு அதில் இருக்கிறது. கொஞ்சம் பசியும் இருக்கிறது.

இந்த நடிகர் சியோலில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அந்த அந்நியத்தன்மையே மர்மத்தைக் கொண்டுவந்துவிட்டது, நடிப்புக்குப் பெரிய வேலை இல்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கொரியத் திரில்லர்களில் 'இவர் யார்' என்ற கேள்வியைச் சுமக்கும் பாத்திரங்கள் வெளியிலிருந்து வந்தவர்களிடம் போவது அடிக்கடி நடக்கிறது. நா ஹோங்-ஜின்னின் 'தி வெய்லிங்' படத்தில் மலையடிவாரத்து அந்நியனாக வந்தவர் ஜப்பானிய நடிகர். அவரோடு பேசவே மொழிபெயர்க்க ஓர் இளம் டீக்கன் தேவைப்படுகிறார். பார்க் சான்-வூக்கின் 'டிசிஷன் டு லீவ்' படத்தில் விதவையாக நடித்தவர் சீன நடிகை. அவர் மனதில் இருப்பது சில நேரம் கைபேசியின் மொழிபெயர்ப்புக் குரலில்தான் போலீஸ்காரருக்கு எட்டுகிறது. பாத்திரத் தேர்வே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பது உண்மை. மீதிப் பாதியை யார் செய்வது? பென், ஜோங்சுவிடம் கடைசிவரை மரியாதைப் பேச்சைக் கைவிடுவதில்லை. வயதில் மூத்தவன், வசதியில் எங்கேயோ இருப்பவன், நினைத்தால் எப்போதோ உரிமையோடு இறங்கிப் பேசியிருக்கலாம். பேசுவதில்லை. அந்தப் பணிவை ஒரு வேலியாகவே நட்டுவைத்திருக்கிறார். இது பிறந்த ஊர் தந்ததில்லை, நடிகர் எடுத்த முடிவு.

மறுப்பவர்களிடம் நான் எடுத்துக்காட்டும் இன்னொரு படம் போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'. 2003-இல் வந்தது. 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகள்தான் கதைக்களம். கடைசிச் சந்தேக நபராக வரும் மென்மையான கைகள் கொண்ட அந்த இளைஞன் கொரியன்தான். அவனிடம் அந்நிய வாடையே இல்லை. மழையில், சுரங்கப்பாதை வாசலில் அடி வாங்கிக்கொண்டு நிற்கும்போதும் அந்த நடிகர் தன் முகத்தை நமக்குத் திறந்து காட்டுவதில்லை. பிறகு 2019-இல், மரபணுச் சோதனை வழியாக உண்மைக் கொலையாளி யார் என்று தெரியவந்தது. ஏற்கெனவே வேறொரு கொலைக்காகச் சிறையில் இருந்தவர், குற்றங்களை ஒப்புக்கொண்டார். நிஜ வழக்குக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு படத்தை மறுபடி பார்த்தேன். அந்த இளைஞனின் முகத்தில் ஒரு கோடுகூடக் குறையவில்லை. புதிராக நடித்திருந்தால் விடை தெரிந்த அன்றே அந்த நடிப்பு காலாவதியாகியிருக்கும். அவர் ஒரு மனிதனை நடித்தார், அதனால் நிற்கிறது.

'பர்னிங்' கட்சிக்காரனாக இருந்தாலும் ஓர் இடத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. முடிவுக்குச் சற்று முன்பு, ஜோங்சு இல்லாத இடத்தில், பென் தன் வீட்டில் புதிய பெண்ணுக்கு ஒப்பனை செய்துவிடும் காட்சி வருகிறது. அதற்கு முன் ஜோங்சு ஹேமியின் அறையில் உட்கார்ந்து எழுதுவதைக் காட்டிவிடுவதால், இதெல்லாம் அவன் எழுதுகிற கதையாகவும் இருக்கலாம் என்று இயக்குநர் வழி விட்டிருக்கிறார். அது சரி. ஆனால் அதுவரை தன் முடிவைத் தன்னிடமே வைத்திருந்த நடிகரை, இங்கே இன்னொருவனின் கற்பனைக்குள் இருக்கக்கூடியவராக நிறுத்திவிட்டார்கள். அவர் அதையும் அதே நிதானத்தோடு செய்கிறார், முகத்தில் சடங்கு செய்பவனின் கவனம். இருந்தாலும் அந்த ஒரு காட்சி இல்லாமலே அவர் நம்மை முடிவுக்குக் கொண்டுபோயிருப்பார் என்பது என் கட்சி.

இனி வரப்போவதைச் சொல்கிறேன். முதலில் கெட்ட செய்தி. அந்தச் சிரிப்பை நகலெடுப்பார்கள், இப்போதே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல சட்டை, சுத்தமான சமையலறை, தாழ்ந்த குரல், அளவான புன்னகை, அவ்வளவு போதும் மர்மத்துக்கு என்ற எண்ணம் ஓடிடி தொடர்களில் வேரூன்றும். வெளியிலிருந்து நடிகரைக் கொண்டுவந்து நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போடுவார்கள். "என் பாத்திரம் செய்தானா இல்லையா என்று எனக்கே தெரியாது" என்று பேட்டியில் பெருமையாகச் சொல்லும் நடிகர்கள் கூடுவார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் நடிப்பு ஒன்றுகூட இரண்டாம் முறை பார்க்கத் தாங்காது. குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. கொரியத் தொலைக்காட்சித் தொடர்கள் நெடுங்காலம் ஒளிபரப்பு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, மறுபக்கம் எழுதிக்கொண்டும் எடுத்துக்கொண்டும் வந்தவை. கடைசி அத்தியாயத்தில் தான் யார் என்பதே நடிகருக்குப் படப்பிடிப்புக்குச் சற்று முன்புதான் தெரியவரும். அந்த நிலையில் பென் மாதிரி ஒருவனை யாராலும் நடித்திருக்க முடியாது. எடுப்பதற்கு முடிவே கையில் இல்லை. இப்போது முழுவதையும் எடுத்து முடித்த பிறகு வெளியிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. முதல் நாளே முழுக் கதையையும் படித்துவிட்டு, ஒரு தீர்மானத்தோடு எட்டு மணி நேரம் வாய் திறக்காமல் இருக்கப்போகும் ஒரு நடிகர் அங்கிருந்துதான் வருவார். அது பெண்ணாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஆண்கள் இந்தச் சிரிப்பைத் தேய்த்துத் தீர்த்துவிடுவார்கள். பெண்களுக்கு இந்த வகையில் எழுதப்பட்டவை இன்னும் குறைவு. 'டிசிஷன் டு லீவ்' கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

நடிப்புப் பள்ளிகளில் பாடமாகப் போவது, என் கணிப்பில், நடனமும் இல்லை, பசுமைக் குடில் பேச்சும் இல்லை. கடைசிக் காட்சியில் பென் காரிலிருந்து இறங்கி ஜோங்சுவிடம் ஹேமி எங்கே என்று கேட்கிறானே, அந்தக் கேள்விதான். ஹேமியும் உடன் இருப்பாள் என்று நம்பி வந்தவனைப் போல, குளிரில், நேராகக் கேட்கிறான். அவன் குற்றமற்றவன் என்பவர்களின் கடைசி ஆயுதம் அது. குற்றவாளி என்பவர்களுக்கு அவனுடைய உச்சகட்ட நாடகம். நடிகரோ அதை வெறும் கேள்வியாகக் கேட்கிறார், பதில் வேண்டும் என்பதற்காக. ஜோங்சுவின் கத்தி இறங்கிய பிறகு குத்தியவனையே அவர் கட்டிப்பிடித்துக்கொள்வது அந்தக் கேள்வியின் தொடர்ச்சி. அவர் எடுத்துவைத்திருந்த முடிவு என்னவாக இருந்தாலும், கேள்விக்கும் அணைப்புக்கும் இடையில் அது ஓர் இடத்திலும் அறுபடவில்லை. மாணவர்களை அந்த ஒரு வரியைக் குற்றவாளியாக ஒருமுறையும் அப்பாவியாக ஒருமுறையும் சொல்லச் சொல்வார்கள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி ஒலிக்கச் செய்பவருக்குத்தான் அடுத்த பென் கிடைப்பான்.