ஒரு பவுண்டு காற்று

போடிநாயக்கனூரில் காற்றுப் பிடிக்க வண்டியை நிறுத்தினால் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவுண்ணே வைக்க?" பலரும் "முப்பது வைங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். வேகத்துக்கென்றே வடிவமைத்த கார் வைத்திருப்பவர் அப்படி நகரக்கூடாது. அவர் சொல்லும் எண்ணில்தான் மலைமேலுள்ள போடிமெட்டு வரைக்குமான இன்பம் இருக்கிறது.

இத்தகைய கார்களின் டயருக்குப் பக்கச்சுவர் குட்டை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் அந்தச் சுவர் சாய்கிறது, அதன் பிறகே ரப்பர் தார்ச்சாலையைக் கவ்வுகிறது. காற்று குறைந்தால் இந்த இடைவெளி நீண்டு, கை சொன்னதைச் சக்கரம் தாமதமாகக் கேட்கும். ஓரங்கள் தேய்ந்து டயரும் சூடேறும். காற்று மிஞ்சினால் நடுப்பகுதி மட்டுமே தரையில் பதியும். ஒட்டுப்போட்ட சாலையில் வண்டி துள்ளி, வளைவின் நடுவில் பிடி நழுவும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. சாலையின் பொடிக்கல்கூட உள்ளங்கைக்குத் தெரியும், ஆனால் உறுத்தாது. மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பவரின் காது தேடுவது இப்படி ஓர் இடத்தைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் மலையேற்றத்தில் இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். அவ்வளவு உயரம் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்றரைப் பவுண்டுக்குச் சற்று மேல் குறைகிறது. அளவுமானி காட்டுவது டயரின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆகவே துளிக் காற்றும் சேர்க்காமலே முள் அந்த அளவு ஏற வேண்டும். ஆனால் தேனிச் சமவெளியின் வெக்கை மேட்டில் கிடையாது. ஆறிய டயரில் பத்து டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறக்குறைய அதே ஒன்றரைப் பவுண்டு இறங்கும். உயரம் கொடுப்பதைக் குளிர் வாங்கிக்கொள்கிறது! கீழே சரியாக வைத்த காற்று மேலேயும் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். இந்த மலைச்சாலை தானாகச் செய்து தரும் இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

கணக்கைக் கெடுப்பது ஓட்டத்தின் சூடு. வாளையாறு தாண்டி, பாலக்காட்டுக் கணவாயின் நேர்ச்சாலையில் நடுப்பகல் வெயிலில் விரைந்து வந்த டயரில் 33 பவுண்டு 37 ஆகியிருக்கலாம். அதைக் கண்டு பதறி நாலு பவுண்டைத் திறந்துவிட்டால், மறுநாள் மூணாறின் விடியற்குளிரில் 29தான் மிஞ்சும். ஏறிய காற்றை இறக்கக் கூடாது. அந்த ஏற்றத்தையும் சேர்த்தே கம்பெனி கணக்குப் போட்டிருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்தில் வழக்கம் வேறு. அங்கே சூடான டயர் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்பக் குளிரில் குறைத்துத் தொடங்குவார்கள். தடத்துக்கு அது சரி, மலைச்சாலைக்கு அல்ல.

நைட்ரஜன் நிரப்பினால் இந்தக் கவலை இல்லை என்பார்கள். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் விரியும். ஈரம் குறைவு என்பதே அதன் முக்கியச் சிறப்பு.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கான எண் ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் அது வேறுபடலாம். ஆள் நிறைந்தால் கூடும். மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில், காலையில், உங்கள் சொந்த அளவுமானியால் பாருங்கள். அடுத்த முறை கடைக்காரர் கேட்கும்போது முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு எண்களைச் சொல்லுங்கள்.