அச்சடித்த ஆமென்

குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் சபைமுன் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனை இப்போது கல்யாணம் மாதிரி நடக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சபைகளில் மே மாதம் வந்தால் கோயில் வாசலில் பிளக்ஸ் பேனர் ஏறுகிறது. பேராயர் படம் ஆளுயரத்தில், பிள்ளைகள் படம் தபால்தலை அளவில். பெண்பிள்ளைகளுக்கு ஒரே கரை போட்ட வெள்ளைப் புடவை, பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, தலைக்கு மேல் டிரோன் கேமரா, மதியம் பிரியாணி. குறை சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். போன கோடையில் அப்படிக் கோபித்துக்கொண்ட ஆயர் ஒருவர் சொன்ன நியாயம்தான் என்னை எழுத வைத்தது. “சுத்தியிருக்கற ஊர்ல நம்ம புள்ளைங்க தனியா நிக்குதுங்க அண்ணா. பின்னால முந்நூறு பேர் இருக்கோம்னு அதுகளுக்குத் தெரிய வேண்டாமா? அந்தத் தெம்பு போதும்.”

தெம்பு உண்மைதான். 2011 கணக்கெடுப்பின்படி இவ்விரு மாவட்டங்களிலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. பள்ளிப்பாளையம் விசைத்தறிக் கொட்டகைக்குப் போகும் வீட்டுப் பெண் ஒருத்தி, ஊரே பார்க்க முன்னால் போய் நிற்பது சின்ன விஷயம் இல்லை. கோடை வகுப்பில் பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் மனப்பாடம் ஆகின்றன. திருவிருந்து என்றால் என்னவென்று யாரோ உட்கார்ந்து விளக்குகிறார்கள். கண் கலங்கும் பாட்டிமார்களை நான் கேலி செய்யமாட்டேன்.

என் குறை வேறு. இருபது வருஷமாக அதையே சொல்லிவருகிறேன். அன்றைக்குப் பிள்ளைகளிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதிலும் அச்சாகியிருக்கிறது. நாற்பது பேர் ஒரே குரலில் அதைப் படிக்கிறார்கள். ‘எனக்கு இன்னும் நிச்சயமில்லை’ என்று சொல்ல அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. வகுப்பிலும் கிடையாது. புடவை எடுத்தாயிற்று, பேனர் அடித்தாயிற்று, பேராயர் தேதி கொடுத்தாயிற்று. பதினாறு வயதுப் பிள்ளை எந்த வாயால் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று சொல்லும்?

கல்யாணத்திலும் அச்சடித்த பதில்தானே என்பார்கள். அங்கே அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்கிறார்கள். மணமகளுக்கும் வேண்டாம் என்று சொல்ல வழி உண்டு, சொன்னவர்களையும் பார்த்திருக்கிறோம். திடப்படுத்தல் வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை.

புராட்டஸ்டண்ட் சபைகளில் இந்தச் சடங்கு பிறந்த கதையை நினைத்தால் வருத்தம் கூடுகிறது. குழந்தை எப்படி விசுவாசிக்கும் என்று குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்த்த அனபாப்டிஸ்டுகள் மடக்கியபோது, வளர்ந்தபின் சபைமுன் தன் வாயாலேயே சொல்லட்டும் என்று சீர்திருத்தவாதி மார்ட்டின் பூட்சர் வழி கண்டார். 1539-இல் ஜெர்மனியின் சீகன்ஹைன் சபை ஒழுங்கில் அது ஏறியது. தன் வாயால் என்பதுதான் அதன் உயிர். நம் ஊருக்கு அது இன்னும் பொருந்தும். சேலத்தில் 1827-இல் ஹென்றி கிறிஸ்ப் தொடங்கிய ஊழியம் லண்டன் மிஷனுடையது. அந்த மிஷனில் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபினர். அம்மரபில் பேராயரும் இல்லை, கைவைத்துத் திடப்படுத்தலும் இல்லை. சபையின் முழு அங்கத்தினராகச் சேர வருகிறவர் தன் அனுபவத்தைச் சொல்லவேண்டும். சபையார் விசாரித்து ஏற்கவேண்டும். 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை என்று இணைந்து வந்ததில் பல நன்மைகள் கிடைத்தன. ஆனால் அந்த விசாரிப்பு எங்கேயோ கைநழுவிவிட்டது.

பக்கத்தில் பாப்டிஸ்டுகள் இருக்கிறார்கள். கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் உழைத்த மிஷன் அவர்களுடையது. விசுவாசத்தைத் தானே அறிக்கையிடாதவரை அவர்கள் தண்ணீரில் இறக்குவதில்லை. அங்கேயும் சாட்சிகள் இப்போது ஒரே அச்சில் வார்த்தவையாக வருகின்றன என்று அவர்களே குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொருவராகத்தான் சொல்லவேண்டும்.

சரி, அச்சடிக்காத கேள்வி எது? அதை அந்த ஆயரின் கோயில் வராந்தாவிலேயே என் காதால் கேட்டேன். ஆராதனை முடிந்து சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவன் மேசைக்குக் குனிந்து, “எந்தப் பேர் போடுவீங்க சார், பள்ளிக்கூடத்துப் பேரா, சபைப் பேரா?” என்றான். எழுதுகிறவர் நிமிரவில்லை. “சபைப் பேருதான்டா. எடுத்துட்டுப் போய் பீரோவுல வை. யாருக்கும் காட்டாத.” அன்றைக்கு அந்தக் கோயிலில் கேட்கப்பட்ட உண்மையான கேள்வி அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அதற்குக் கிடைத்த பதிலும் உண்மையானதுதான்.

வெளியூர் வாசகருக்காக இல்லை, நம் ஆட்கள் கேட்காததுபோல் இருப்பதால், இரண்டு பெயர் எதற்கென்று விரிக்கிறேன். இச்சமவெளிச் சபைகளில் கணிசமானவை அருந்ததியர், ஆதிதிராவிடர் குடும்பங்கள். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை ஏறக்குறைய இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இந்த ஆணையைத் திருத்தக் கோரி நம் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில், பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு திசையில் பேசியது. கைக்குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானமும், தொடர்ந்து கோயிலுக்குப் போனதும் அவருக்கு எதிரான சான்றுகளாயின.

அப்படியானால் சபைமுன் நின்று ஆமென் சொல்வதற்கு இங்கே ஒரு விலை இருக்கிறது. கல்லூரி இடம், அரசு வேலை, உதவித்தொகை எல்லாம் அதில் அடங்கும். பையனுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், பேனர் கட்டிய குழுவுக்கும் தெரியும். வகுப்பில் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரையும் பொய் சொல்லச் சொல்லவும் வேண்டாம், ஒரு பேரைத் தூக்கிப்போடச் சொல்லவும் வேண்டாம். ‘இப்படி ஒரு சிக்கலில் உன்னை நிறுத்துகிறோம், நாங்கள் இப்படித்தான் சமாளித்தோம், சிலர் தோற்றோம்’ என்று பெரியவர்கள் பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசியிருந்தால் அதை ஆதரவு என்று ஒப்புக்கொள்வேன். பின்னால் முந்நூறு பேர் நின்றார்கள், சரி. கைதட்டினார்கள். பீரோவில் வை என்றார்கள்.

கிழக்கு ஜெர்மனியில் 1954 முதல் அரசு தன் ‘இளைஞர் அர்ப்பண’ விழாவைத் திடப்படுத்தலுக்குப் போட்டியாக நிறுத்தியது. அதை மறுத்துக் கோயிலுக்குப் போன பிள்ளைக்கு உயர்படிப்பு சந்தேகமானது. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான பிள்ளைகள் அரசு விழாவுக்குப் போனார்கள், திருச்சபையும் இறங்கிவந்தது. எண்ணிக்கையில் தோல்விதான். ஆனால் விலை என்னவென்று வீட்டிலும் கோயிலிலும் வெளிப்படையாகப் பேசப்பட்டது. நம் சபைகளில் யாரும் தோற்கவில்லை, பேசவும் இல்லை.

நம் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, சுருதி என்னும் வேதம், யுக்தி என்னும் பகுத்தறிவு, அனுபவம் ஆகியவற்றோடு சபையையும் ஒரு பிரமாணமாக வைத்து எழுதியவர். சபை பிரமாணம் என்றால் அது நிறுத்துப் பார்க்கிற தராசு. வரவேற்புக் குழு இல்லை. இப்போது சுருதி மனப்பாடமாகிவிட்டது, யுக்திக்கும் அனுபவத்துக்கும் வகுப்பில் நேரமில்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். நல்ல வகுப்பு நடத்தும் ஆயர்கள் இரண்டொருவர் எனக்கே தெரிந்தவர்கள். அவர்களால் இந்த முறை நியாயமாகிவிடாது.

ஒரு வாரமாவது பிள்ளைகள் கேட்க, மூப்பர்கள் பதில் சொல்லும்படி வைக்கக்கூடாதா என்று அந்த ஆயரிடம் கேட்டேன். “அதுக்குப் பாடபுத்தகம் ஒண்ணும் இல்லையே அண்ணா” என்றார். அவர் மேசைமேல் அடுத்த வருஷத்துக்கான படிவம் தயாராக இருந்தது. அதில் ஐந்து பத்திகள்: பெயர், வயது, தகப்பனார் பெயர், ஞானஸ்நானத் தேதி, சட்டை அல்லது ரவிக்கை அளவு.