ஆய்வு நிதி: அறிவிப்புக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே

ஆய்வாளர்கள் 'செர்ப்' என்று சுருக்கி அழைத்துவந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், 2024 பிப்ரவரியில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் சேர்ந்துவிட்டது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது புதிய அமைப்பின் இலக்கு. அதில் 36,000 கோடி தொழில் நிறுவனங்களும் கொடையாளர்களும் தரவேண்டியது. இந்தக் கணக்கை உரசிப் பார்க்க பெங்களூரே சரியான ஊர்.

இந்திய அறிவியல் கழகமே 1909இல் ஜம்ஷெட்ஜி டாடாவின் கொடையாலும் மைசூர் அரசு கொடுத்த நிலத்தாலும் எழுந்தது. 2014இல் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தம்பதியர் அங்கே மூளை ஆராய்ச்சிக்கு 225 கோடி அளித்தார்கள். 2022இல் பாக்சி, பார்த்தசாரதி தம்பதியர் மருத்துவப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் 425 கோடி தந்தார்கள். மனதாரப் பாராட்ட வேண்டிய கொடைகள் இவை. ஆனால் அந்தப் பணம் போன இடத்தைக் கவனியுங்கள்: ஏற்கெனவே பெயர்பெற்ற வளாகம், பயன் கண்ணுக்குத் தெரியும் துறை. அதே நகரின் ஞானபாரதி வளாகத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோட்பாட்டு இயற்பியலோ பூச்சியியலோ செய்தால், அவரைத் தேடி எந்தக் கொடையாளர் வருவார்? தனியார் போகாத இடத்துக்குப் போவதற்காகத்தான் அரசுப் பணம் இருக்கிறது.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் பின்தங்கியிருப்பதைப் புதிய அமைப்பு உணர்ந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. முன்னணி நிறுவனம் ஒன்றை மையமாக்கி, மற்றவற்றை அதனுடன் இணைக்கும் 'பேர்' திட்டம் நல்ல முயற்சி. 2025இல் கருவி கொள்முதல் விதிகளைத் தளர்த்தியதும் வெகுநாள் கோரிக்கை நிறைவேறியதுதான்.

என் கவலை தொகையைப் பற்றியதை விட, நடுவழியில் மாறும் விதிகளைப் பற்றியது. ஆய்வுக் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் போனது. பல கருவிகளுக்கு வரி 18 சதவீதமானது. முந்தைய ஆண்டே ஒப்புதல் பெற்ற திட்டத்தின் தொகையோ அப்படியே நின்றது. பிறகு ஆய்வு மானியத்துக்கே வரி கேட்டு நோட்டீஸ்கள் போயின. 2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் விலக்கு அளித்த பின்புதான் நிம்மதி. நிதியாண்டு முடிவுக்குள் செலவிடாத பணம் திரும்பிப் போகும் முறை வேறு. பரிசோதனை மார்ச் 31ஐப் பார்த்து முடிவதில்லை.

தவணை தாமதமானால் பெரிய நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து சம்பளம் கொடுத்துச் சமாளிக்கும். சிறிய பல்கலைக்கழகத்தில் அந்தச் சுமை நேரே ஆய்வு மாணவரின் தலையில் விழும். 31,000 ரூபாயாக இருந்த இளநிலை உதவித்தொகை 2023இல் 37,000 ஆனதே நாடு முழுக்க மாணவர்கள் போராடிய பிறகுதான். அந்தத் தொகையும் மாதங்கள் தள்ளி வந்தால் பெங்களூரில் வாடகை கட்டுவது எப்படி?

2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரு லட்சம் கோடி நிதியும் இந்தக் குறையைத் தீர்க்காது. அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியில் அல்லது வட்டியின்றி நீண்டகால நிதி தரும் திட்டம். அடிப்படை ஆய்வுக்கானது அல்ல.

ஒப்புதல் நாளில் இருந்த வரியும் விதியும் திட்டம் முடியும்வரை மாறக் கூடாது. மிச்சப் பணத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் அனுமதி வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் போனது என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதற்கெல்லாம் புதிதாக ஒரு கோடி ரூபாய்கூடத் தேவைப்படாது.