அப்பாவிடம் எதைச் சொல்வது?

"பெத்தவங்களுக்குத் தெரியாமப் பள்ளிக்கூடம் எதையாவது மறைக்கலாமா?" சீர்காழியில் அண்மையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கேட்டார். சுற்றியிருந்த ஆசிரியர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

அடிபட்ட பிள்ளையின் காயத்தை மறைக்க எந்தப் பள்ளிக்கும் உரிமையில்லை; உயிருக்கு ஆபத்தென்றால் உடனே சொல்லியாக வேண்டும். 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவும், பால்புதுமை மாணவர்களைப் பற்றிப் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால் பெற்றோர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவது வேறு, ஒரு தகப்பனை மட்டும் வரவழைத்து "உங்க பையன் அந்த மாதிரி" என்பது வேறு. நான் அறிந்த பள்ளிகள் முதலாவதைச் செய்ததில்லை. இரண்டாவதற்குத் தயங்கியதுமில்லை.

ஒரு பள்ளியில் நானே பார்த்தேன். பதினோராம் வகுப்புப் பையன். புத்தகப்பையில் யாரோ மார்க்கரால் பெரிதாக '9' என்று எழுதியிருந்தார்கள். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. சம்பா நடவிலிருந்து அப்படியே வந்த அப்பாவின் கணுக்காலில் சேறு காயவில்லை. அடித்தது யார், எங்கே, எத்தனை நாளாக என்று அங்கே ஒரு பேச்சும் எழவில்லை. "நடை, பேச்சு எதுவும் சரியில்லைங்க. ஒரு பையனுக்கு லெட்டர் வேற எழுதியிருக்கான். அதான் பசங்க கிண்டல் பண்றாங்க" என்றார் ஆசிரியர். பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்த மூன்று பேரின் வீட்டுக்கும் ஆள் போகவில்லை. அடுத்த வாரம் அவனுக்கு மட்டும் டி.சி. வாங்கிப் போனார்கள்.

இதற்குப் பெயர் ஒளிவுமறைவின்மை என்றால் நான் ஏற்க மாட்டேன். இது காட்டிக்கொடுப்பு. அடி வாங்கியவனின் அந்தரங்கத்தை அடிக்குக் காரணமாக்கி, அடித்தவர்களை விடுவிக்கிற வேலை. பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு என்ன அந்தரங்கம் என்பார்கள். ஒருவரின் பாலின ஈர்ப்பு அவருடைய அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-இல் சொன்னபோது, பள்ளிச் சீருடை போட்டவர்கள் நீங்கலாக என்று சொல்லவில்லை.

அந்த 2021 உத்தரவே மதுரையில் வீட்டைவிட்டு வெளியேறிச் சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் பிறந்தது. அவர்களைக் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தவர்கள் பெற்றோர்தான். தன்பால் ஈர்ப்பு தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நீதிபதி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுதினார். நீதிபதிக்கே அவ்வளவு அவகாசம் தேவைப்பட்டது. நடவுக் கூலியை விட்டுவிட்டு ஓடிவந்த தகப்பனுக்குப் பத்து நிமிடத்தில் எப்படிப் புரியும்?

நம் சீர்காழிக் கதையிலேயே, குளத்தில் முழுகி எழுந்த அப்பா, பிள்ளையின் வாயில் பால் வழியக் கண்டு, யார் கொடுத்தது என்று கோலை ஓங்கித்தான் கேட்டார். மூன்று வயதுச் சம்பந்தரால் தோணியப்பரை நோக்கி விரல் நீட்ட முடிந்தது. இந்தப் பையன் யாரைக் காட்டுவான்?

"மதிய இடைவேளையில் மூன்று பேர் உங்கள் மகனை அடித்தார்கள். அவர்கள் வீட்டாரையும் வரச் சொல்லியிருக்கிறோம்." அன்று அந்த அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். கடிதத்தைப் பற்றி எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதைப் பையனே முடிவு செய்திருப்பான்.